பிடிலின் உயிரை யார் பார்ப்பது?

சங்க விழா என்றால், தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்த கையோடு ஐந்தாறு பிள்ளைகள் வரிசையாகச் சம்மணமிட்டு உட்கார்ந்து பிடில் வாசிப்பது இப்போது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. பிறந்த மண்ணை விட்டுப் பல நூறு மைல் தள்ளி வந்தும், சிலர் கடல் தாண்டிப் போயும், பிள்ளைகளுக்கு நம் சங்கீதத்தைச் சொல்லிக் கொடுக்கப் பெற்றோர் படும் பாடு கொஞ்சமல்ல. வகுப்புக்கு அழைத்துப் போகிறார்கள். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நல்ல பெட்டி வாங்கி, பிடிலைப் பட்டுத் துணியில் சுற்றி வைக்கிறார்கள். ஆனால் அந்தப் பிடிலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளாவது எட்டிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

நான் சங்கீத வித்வான் இல்லை. சித்தூரில் பிறந்து வளர்ந்து, டிப்ளமா படித்து, ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வேகன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது திருப்பதியில் குடியிருக்கிறேன். ரயில் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்பதுதான் இத்தனை வருஷமும் என் உத்தியோகம். அந்தப் பழக்க தோஷத்தில் ஒரு கருத்தைச் சொல்லத் துணிகிறேன். பிடில் கற்கும் பிள்ளைகள் பாதியில் விட்டுவிடும்போது அவர்கள் விரலையும் கவனத்தையும் குறை சொல்கிறோம். அதற்கு முன் கருவியின் உள்ளே நிற்கும் ஒரு சின்ன மரக்குச்சியைப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்த ஆட்களை நாம் உருவாக்கவில்லை. உருவாக்குவது நம் சங்கங்களின் பொறுப்பு என்பது என் அபிப்பிராயம்.

அந்தக் குச்சிக்கு சவுண்ட் போஸ்ட் என்று பெயர். பிடிலின் மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே, தூண் மாதிரி நிமிர்ந்து நிற்கும். கனம் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர், அதாவது நாம் எழுதும் பென்சிலை விடச் சற்று ஒல்லி. பசை கிடையாது, ஆணி கிடையாது. மேலிருந்து வரும் அழுத்தத்திலும், இரண்டு முனைகளும் பலகையோடு பொருந்துகிற பொருத்தத்திலும் மட்டுமே நிற்கிறது. குதிரையின் மெல்லிய தந்திப் பக்கத்துக் காலுக்கு நேர் கீழே இல்லாமல், கொஞ்சம் பின்தள்ளி நிற்பதுதான் அதன் இடம். குதிரையின் மறு காலுக்குக் கீழே, மேல்பலகையின் உட்புறத்தில் நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு பேஸ் பார் என்று பெயர்.

பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் இந்தக் குச்சியை அவரவர் மொழியில் 'ஆத்மா' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். தமிழில் இதற்கு 'உயிர்க்குச்சி' என்று பெயர் வைத்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. இனி அப்படியே எழுதுகிறேன். உயிரும் மெய்யும் சேர்ந்தால்தான் உயிர்மெய் எழுத்து என்று இலக்கணம் படித்தவர்கள் நாம். ஆனால் பிடிலைப் பொறுத்தவரை மெய்யைத் துடைத்துத் துடைத்து வைக்கிறோம், உயிரைப் பார்ப்பதே இல்லை.

ஒரு குச்சிக்கு இவ்வளவு மகிமையா என்று கேட்கலாம். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். மேல்நாட்டுச் சுருதியில் கூட்டிய பிடிலில் நான்கு தந்திகளின் இழுப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 20 கிலோவைத் தாண்டும். அதில் குதிரை வழியாகக் கீழ்நோக்கி அழுத்தும் பங்கு 7 முதல் 10 கிலோ வரை வரும். நம் கச்சேரிச் சுருதியில் தந்திகளைத் தளர்த்திக் கூட்டுவதால் இது கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். இந்தப் பாரத்தைத் தாங்குகிற மேல்பலகையின் கனமோ வெறும் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர். ஒரு பக்கம் உயிர்க்குச்சி, மறு பக்கம் பேஸ் பார், இரண்டுமாகச் சேர்ந்துதான் பலகையைக் காப்பாற்றுகின்றன.

பாரம் தாங்குவது பாதி வேலைதான். ஒலியை உண்டாக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு. வில் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கிறது. அதனால் குதிரை இடமும் வலமுமாக ஆடுகிறது. அதன் இரண்டு கால்களும் ஏற்றப்பலகை மாதிரி ஒன்று ஏற ஒன்று இறங்க ஒரே அளவில் ஆடினால், மேல்பலகையின் ஒரு பாதி வெளியே தள்ளும் காற்றை மறு பாதி உள்ளே இழுத்துக்கொள்ளும். சத்தம் எழும்பாது. உயிர்க்குச்சி ஒரு காலைப் பெரும்பாலும் அசையாமல் பிடித்துக்கொள்கிறது. மறு கால் தாராளமாக ஆடுகிறது. அப்போதுதான் பெட்டி மூச்சு விடுகிறது. தில்லை நடராஜர் ஒரு காலை ஊன்றித்தானே மறு காலைத் தூக்கி ஆடுகிறார்? ஊன்றிய கால் உறுதியாக இல்லாவிட்டால் ஆட்டம் ஏது?

பெரிய மனிதர்கள் பலர் பிடிலை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். வில்லியம் ஹக்கின்ஸ் என்ற ஆங்கிலேய வானசாஸ்திரி, நட்சத்திரங்களின் ஒளியை ஆராய்ந்து புகழ்பெற்றவர், 1883ல் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்தக் குச்சியின் வேலையைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார். நம்மவர் சர் சி. வி. ராமன் திருச்சியில் பிறந்து, விசாகப்பட்டினத்தில் வளர்ந்து, 1907ல் கல்கத்தாவுக்கு நிதித்துறை உத்தியோகமாகப் போனவர். நம்மைப் போல வெளிமாநிலத்தில் பிழைத்த தமிழர்தான். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்து, வில்லால் இழுக்கப்படும் தந்திகளையும் பிடில் குடும்பக் கருவிகளையும் பற்றி 1918ல் ஒரு பெரிய நூலையே வெளியிட்டார். பிடிலை இயந்திரத்தால் வாசிக்க வைத்தும் பரிசோதனை செய்தார். ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1930ல் நோபல் பரிசு கிடைத்ததை எல்லோரும் அறிவோம். பிடிலைப் பற்றி அவர் செய்ததை மறந்துவிட்டோம்.

பிடில் நமக்கு அந்நியக் கருவி இல்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு, நம் சங்கீதத்தில் அதற்கு இடம் தேடிக் கொடுத்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவின் வாசிப்பைக் கேட்டு, சுவாதித் திருநாள் மகாராஜா 1834ல் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசளித்தார் என்று வரலாறு சொல்கிறது. தோளில் நிறுத்தி வாசித்ததை நாம் தரையில் உட்கார்ந்து, தலைப்பக்கத்தைக் காலில் ஊன்றி வாசித்தோம். தந்திகளை ஸ–ப–ஸ–ப என்று கூட்டினோம். ஒலிபெருக்கி இல்லாத சபைகளில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று மைசூர் சௌடய்யா (1895–1967) நான்கு தந்தியை ஏழு தந்தியாக்கினார். அத்தனை தந்தியின் கூடுதல் பாரமும் அந்தக் குச்சியின் மேல்தான் இறங்கியிருக்கும்.

வாசிப்பதை முழுக்க நமதாக்கிக்கொண்டோம். செய்வதையும் பழுது பார்ப்பதையும் நமதாக்கிக்கொள்ளவில்லை. வீணைக்குத் தஞ்சாவூர் இருக்கிறது, 2013ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நாகஸ்வரத்துக்கு நரசிங்கம்பேட்டை இருக்கிறது, அதற்கும் 2022ல் குறியீடு கிடைத்தது. மிருதங்க வித்வான்களுக்கு மூட்டுப் போட, சோறு போட, வார் இழுக்கத் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கைவினைஞர்களை உலகம் கவனிக்க 2020ல் டி. எம். கிருஷ்ணா எழுதிய புத்தகம் வர வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம். பிடிலுக்கு அப்படி ஒரு ஊரைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இதற்கு ஒரு காரணம் எனக்குப் புரிகிறது. மிருதங்கத்தின் கரணை தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் உடனே தெரியும். வாசிப்பவர் அடுத்த நாளே ஆளைத் தேடிப் போவார். உயிர்க்குச்சி சாய்ந்தால் வெளியே ஒன்றும் தெரியாது. வார்னிஷ் பளபளக்கும், தந்தி புதிதாக இருக்கும். சத்தம் மட்டும் நாளுக்கு நாள் மங்கும். அந்த மங்கலை வாசிப்பவர் தலையில் கட்டிவிடுகிறோம்.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். திருப்பதியில் 1959ல் தேவஸ்தானம் ஆரம்பித்த வெங்கடேஸ்வரா இசை நடனக் கல்லூரி இருப்பதாலோ என்னவோ, இந்த ஊரில் தெலுங்கு வீடு, தமிழ் வீடு என்ற வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளைச் சங்கீதத்துக்கு அனுப்புகிறார்கள். பழைய சித்தூர் ஜில்லாவின் இயல்பே அது. புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்டு, 1954ல் சங்கீத கலாநிதி ஆன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் மண் அல்லவா?

எதிர்வீட்டுப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது. மூன்றாவது வருஷமாகத் தனியாக ஒரு வாத்தியாரிடம் பிடில் கற்கிறாள். வர்ணம் வரைக்கும் நன்றாக வந்தது. பிறகு திடீரென்று கீழ்த் தந்திகள் மூக்கடைத்த மாதிரி ஒலிக்க ஆரம்பித்தன. மேல் தந்தி கீச்சிட்டது. வில்லை அழுத்திப் பிடிப்பதுதான் காரணம் என்றார் வாத்தியார். அந்தப் பெண்ணோ சத்தம் வரவில்லையே என்று இன்னும் அழுத்தினாள். மணிக்கட்டு வலி கண்டது. "மாமா, இவளுக்கு இது ராசியில்லை போலிருக்கு. கீபோர்டுக்கு மாத்திடலாம்னு பார்க்கிறோம்" என்று அவள் அம்மா என்னிடம் சொன்னாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வண்டி ஸ்டேஷனில் வந்து நின்றதும் நீளக் கைப்பிடி போட்ட சுத்தியலால் ஒவ்வொரு சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல சக்கரம் கணீர் என்று மணி மாதிரி சொல்லும். விரிசல் விட்டது மங்கலாகச் சொல்லும். கண்ணுக்குத் தெரியாததைக் காது சொல்லிவிடும். அந்தப் பிடிலை வாங்கி விரல் கணுவால் மெல்லத் தட்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் உயிரோடு இருந்தது, மறு பக்கம் செத்துக் கிடந்தது. கைபேசி விளக்கை ஒரு எஃப் வடிவத் துளையில் காட்டி, மறு துளை வழியாக உள்ளே பார்த்தேன். குச்சி நிமிர்ந்து நிற்கவில்லை. கீழ்முனை தன் இடத்தில் இருக்க, மேல்முனை துளைப் பக்கமாக நழுவிச் சாய்ந்திருந்தது. விசாரித்தால், இரண்டு மாதத்துக்கு முன் ஒரு கடையில் தந்தி மாற்றியிருக்கிறார்கள். ஒன்றன் பின் ஒன்றாக மாற்றாமல் நான்கையும் ஒரே சமயத்தில் கழற்றியிருக்கிறார்கள். பாரம் நீங்கியதும் குதிரை விழுந்தது. குதிரையைத் திரும்ப நிறுத்தினார்கள். உள்ளே நழுவியதை ஒருவரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணையும் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு சப்தகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போனேன். விசாரித்து வைத்திருந்த பழுது பார்ப்பவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்திருந்தார். பிடிலை வாங்கியதும் தந்திகளைத் தளர்த்தினார். அடியில் உள்ள பொத்தானைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியாக உள்ளே பார்த்தார். "ஐயா, இது ஆரம்பத்திலேயே நீளம் பத்தாது. சாயாம இருந்ததுதான் ஆச்சரியம்" என்றார். பழையதை எடுத்துவிட்டுப் புதிய குச்சி செதுக்கினார். ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். மேல்பலகையும் பெரும்பாலும் அதே ஜாதி மரம்தான். கனம் குறைவு, விறைப்பு அதிகம். பலகையின் உட்புறம் வளைவாக இருப்பதால், குச்சியின் இரண்டு முனைகளையும் அந்த வளைவுக்குத் தக்கபடி சாய்வாகச் சீவினார். உள்ளே வைத்துப் பார்த்து எடுத்தார், சீவினார், மறுபடி வைத்தார். இப்படி ஏழெட்டுத் தடவை. குச்சியின் ரேகைகள் மேல்பலகையின் ரேகைகளுக்குக் குறுக்காக இருக்கும்படி திருப்பினார். ஒரே திசையில் இருந்தால் பலகையின் ரேகையில் குச்சி பதிந்து பிளந்துவிடுமாம். எஸ் மாதிரி வளைந்த ஒரு இரும்புக் கம்பியின் கூர்நுனியில் குச்சியைக் குத்தி, துளை வழியாக நுழைத்து நிறுத்தி, தட்டித் தட்டி இடம் சேர்த்தார்.

தந்தி கூட்டியதும் அந்தப் பெண் வாசித்தாள். இரண்டு ஆவர்த்தனம் வாசித்துவிட்டு நிறுத்தி, "தாத்தா, அழுத்தவே வேண்டாம், தானா வருது" என்றாள். அவள் கைக்கு வியாதி இல்லை, ராசிக்கும் குறைவில்லை. அவர் கேட்ட கூலி, நாங்கள் மூன்று பேரும் சென்னைக்கு வந்து போன செலவை விடக் குறைவு. அந்தக் கூலிக்கு எங்கள் ஊரிலேயே வேலை நடந்திருந்தால், இரண்டு மாதம் அந்தக் குழந்தை திட்டு வாங்கியிருக்க வேண்டாம்.

அந்த வீட்டுக்கு நான் அகப்பட்டேன். இன்னும் எத்தனை வீடுகளில், எத்தனை பிடில்கள் இப்படிப் பரண் ஏறியிருக்கின்றனவோ!

நம்மைப் போல ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கு இதில் கூடுதல் அபாயம் உண்டு. மரம் காற்றின் ஈரத்துக்குத் தக்கபடி உப்பும், வற்றும். சென்னைக் கடற்காற்றில் பொருத்திய பிடிலை டெல்லிக் குளிருக்கோ, வீடு முழுக்க ஹீட்டர் ஓடும் அந்நிய நாட்டுக்கோ கொண்டு போகிறோம். காய்ந்த காற்றில் பலகையின் வளைவு சற்று இறங்கும், குச்சி இறுகும். இறுக்கம் அளவு மீறினால் குச்சி நிற்கும் இடத்திலேயே பலகை விரிசல் விடும். பிடிலுக்கு வரக்கூடிய விரிசல்களில் மிக மோசமானது அது. ஈரக் காற்றில் வளைவு எழும்பும், குச்சி தளரும். நமக்கு ஊர் மாறினால் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரிடம் போகிறோம். பிடிலுக்கு யார் போவது?

பிடில் மட்டுமல்ல. கோடம்பாக்கத்துத் திரைப்பட இசைக்குழுக்களில் ஆள் உயரத்துக்கு மேல் நின்ற டபுள் பேஸ் வாத்தியத்தின் உள்ளேயும் இதே குச்சிதான், கட்டைவிரல் கனத்தில், ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். கருவி பெரிதாக ஆக, தந்தியின் பாரமும் பெரிது. குச்சி நழுவினால் ஆகும் சேதமும் பெரிது. செல்லோ, வியோலா கற்கும் நம் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் இந்தக் கட்டுரை பொருந்தும்.

வீட்டில் நாமே என்ன செய்யலாம்? பார்க்கலாம், தொடக் கூடாது. மாதம் ஒருமுறை விளக்கடித்து, குச்சி நேராக நிற்கிறதா என்று பாருங்கள். பல் டாக்டர் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் வசதி. பக்கத்தில் நின்று பார்த்தால் குதிரையும் நிமிர்ந்து நிற்க வேண்டும். தந்தி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதைப் போட்டு ஓரளவு இழுத்துக் கட்டிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். பிடிலை மெல்ல அசைக்கும்போது உள்ளே 'கடகட' என்று குச்சி உருளும் சத்தம் கேட்டால், தந்திகளை அப்போதே தளர்த்திவிடுங்கள். ஊன்றுகோல் இல்லாத மேல்பலகையின் மேல் முழு இழுப்பையும் விட்டு வைத்தால் பலகை உள்வாங்கும்.

சரிசெய்வதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். தச்சு வேலை தெரிந்த உறவினர் உற்சாகமாக வருவார். பசை போட்டு ஒட்டிவிடலாமே என்பார். ஒட்டக் கூடாது. பருவத்துக்குத் தக்கபடி நகர்த்த வேண்டிய உறுப்பு அது. ஒட்டினால் நகராது, பலகையையும் புண்ணாக்கும். தேக்கு போடலாம், மூங்கில் போடலாம் என்பார்கள். எங்கள் சேஷாசலம் மலையில் விளையும் செம்மரத்தை ஜப்பானில் ஷாமிசென் என்ற தந்தி வாத்தியத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவு உசத்தி. அதற்காக அதைப் பிடிலுக்குள் தூணாக வைத்தால் கனத்திலேயே நாதம் அமுங்கிவிடும். எந்த இடத்துக்கு எந்த மரம் என்று இருக்கிறது. பாரத்தைத் தாங்கட்டும் என்று நீளமான குச்சியை அடித்து இறுக்குவதும் தப்பு. தண்டவாளத்தில் ஒரு ஸ்லீப்பருக்கு அடியில் மட்டும் ஜல்லியை அதிகமாகத் திணித்தால் வண்டி அந்த இடத்தில் துள்ளும் என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். தாங்குவதற்கும் ஒரு அளவு உண்டு.

என் கருத்துக்கு மறுப்பு சொல்வார்கள் என்றும் தெரியும். "பழுது பார்க்கும் செலவில் புதுப் பிடிலே வாங்கிவிடலாமே" என்பது முதல் மறுப்பு. மலிவு விலைப் பிடில்கள் ஏராளமாக வருகின்றன, உண்மைதான். ஆனால் மலிவான பிடிலில்தான் இந்தக் குச்சி ஏனோதானோ என்று வைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டாயிரம் மைல் லாரியிலும் கப்பலிலும் குலுங்கி வந்த கருவியை, பெட்டியைத் திறந்ததும் குழந்தை கையில் கொடுக்கிறோம். புதிதாக வாங்கினாலும் உள்ளே பார்க்கும் வேலை தீரவில்லை. இன்னொரு பக்கம், தாத்தா காலத்துப் பிடில்கள் இருக்கின்றன. உள்ளே 'ஸ்ட்ராடிவாரியஸ்' என்று அச்சடித்த காகிதம் ஒட்டியிருக்கும். அந்தக் காகிதத்தைப் பார்த்து லட்சாதிபதி ஆகிவிட்டதாக நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் தொழிற்சாலைக் கணக்கில் செய்த பிடில்களிலும் அதை ஒட்டி அனுப்பினார்கள். ஆனால் அவற்றில் பல நல்ல மரத்தில் செய்தவை. துளை வழியாகக் காகிதத்தைத் தேடிப் படிக்கிறவர்கள், அதே துளை வழியாகப் பக்கத்தில் நிற்கும் குச்சியையும் ஒரு பார்வை பார்த்தால் நல்லது.

"இதெல்லாம் வாத்தியார் பார்க்க வேண்டியது" என்பது இரண்டாவது மறுப்பு. டிரைவர் திறமைசாலி என்பதற்காக அவரையே வண்டியின் அச்சைக் கழற்றச் சொல்வதில்லை. ஓட்டுவது ஒரு வித்தை, பராமரிப்பது வேறு வித்தை. அந்த இரண்டாவது வித்தைக்கு நம் சமூகத்தில் மரியாதை இல்லை. வித்வானுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், பட்டம் கொடுக்கிறோம். அவர் கருவிக்கு உயிர் கொடுத்தவர் சபையின் எந்த மூலையில் நிற்கிறார் என்று தேடுவதில்லை. மரியாதையும் வருமானமும் இல்லாத தொழிலுக்கு அடுத்த தலைமுறை எப்படி வரும்?

மேல்நாட்டில் இதைத் தொழிற்கல்வியாகவே வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மிட்டன்வால்ட் என்ற மலைக் கிராமத்தில் 1858லிருந்து பிடில் செய்யும் பள்ளி நடக்கிறது. இத்தாலியில் கிரெமோனாவில் 1938ல் ஒரு பள்ளி ஆரம்பித்தார்கள். நம் பக்கத்திலும் முயற்சி இல்லாமல் இல்லை. லால்குடி அறக்கட்டளை ஜேம்ஸ் விம்மர் என்ற அமெரிக்கப் பிடில் கைவினைஞரைச் சென்னைக்கு வரவழைத்து, இங்குள்ளவர்களுக்குப் பழுது பார்க்கும் பயிற்சி கொடுக்க வைத்தது. வாசிக்கிற குடும்பமே கருவியைச் செப்பனிடுகிற கையைப் பற்றிக் கவலைப்பட்டது போற்றத்தக்கது. ஆனால் அது சென்னையோடு நின்றால் போதாது. திருப்பதிக்கும் சித்தூருக்கும் வேண்டும். செகந்திராபாத்துக்கும் புனேக்கும் வேண்டும். தமிழ்க் குழந்தை பிடில் எடுக்கும் ஒவ்வொரு ஊருக்கும் எட்டும் தூரத்தில் ஒரு ஆள் வேண்டும்.

ஆகவே நம் சங்கங்களின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, சரஸ்வதி பூஜைக்கு முந்தின வாரம் சங்கத்தில் 'வாத்தியப் பரிசோதனை நாள்' நடத்துங்கள். ரயில்வே ஷெட்டுகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் தெரியுமா? முதலில் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு, தேய்ந்ததை மாற்றிய பிறகே சந்தனமும் குங்குமமும். கருவிக்குச் செய்யும் முதல் பூஜை அதைப் பழுது இல்லாமல் வைப்பதுதான். நாமோ பிடிலின் மேல் பொட்டு வைக்கிறோம், உள்ளே குச்சி சாய்ந்து கிடக்கிறது. வெளியூரிலிருந்து பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்து, வழிச்செலவைச் சங்கம் ஏற்று, ஒரே நாளில் இருபது முப்பது பிடில்களைக் காட்டிவிடலாம். தனித்தனியாக ஆளுக்கொரு பயணம் போவதை விட மலிவு. விஜயதசமியன்று பிள்ளைகள் நல்ல கருவியில் பாடம் ஆரம்பிப்பார்கள்.

இரண்டு, வருஷம் ஒரு இளைஞனுக்கோ பெண்ணுக்கோ இந்தத் தொழில் பயிற்சிக்குச் சங்கம் உதவித்தொகை கொடுக்கட்டும். பாட்டுப் போட்டிக்குச் சுழற்கோப்பை கொடுக்கிறோமே, அதில் ஒரு பங்கு போதும். ஐ.டி.ஐ.யில் மரவேலை படித்த பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கண்ணும் காதும் பொறுமையும் இருந்தால் கற்றுக்கொள்ளக் கூடிய வேலை. ஒரு ஆள் தேறினால் சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களுக்குப் போதும்.

மூன்று, இசைக் கல்லூரிகளும் சங்கங்கள் நடத்தும் வகுப்புகளும் முதல் வருஷப் பாடத்திலேயே கருவியின் உடற்கூறைச் சொல்லிக் கொடுக்கட்டும். சரளி வரிசைக்கு முன் ஒரு மணி நேரம் போதும். குதிரை எது, பேஸ் பார் எது, உயிர்க்குச்சி எங்கே நிற்கிறது, எதற்கு நிற்கிறது என்று தெரிந்த பிள்ளை, சத்தம் மங்கும்போது தன்னையே நொந்துகொள்ளாது. விளக்கை எடுத்து உள்ளே பார்க்கும்.

வெளியூரில் வாழும் நமக்கு மொழியும் சங்கீதமும் தாமாக வந்து சேர்வதில்லை. ஒவ்வொன்றையும் கைப்பிடித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு குழந்தையைப் பிடிலின் முன் உட்கார வைத்த பிறகு, ஆறு மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு குச்சிக்காக அந்தக் குழந்தையை இழப்பது நியாயமா? இந்த வருஷ நவராத்திரிக்கு இன்னும் நாள் இருக்கிறது. நிர்வாகக் குழு அன்பர்கள் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு பேச வேண்டுகிறேன். வாசக அன்பர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்று மாலை பிள்ளை பெட்டியைத் திறக்கும்போது ஒரு விளக்கோடு பக்கத்தில் உட்காருங்கள்.